குமரேசன் கேட்ட மூன்று கேள்விகள்

என் தோளில் தூங்கி வளர்ந்த தம்பி கொமருவுக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. "மனசுல இருக்கறத எழுதிடுங்கக்கா, பாரம் இறங்கும்" என்று கம்பெனி லைனில் வேலை பார்க்கும் பெண்கள் சொல்கிறார்கள். எனக்குப் பாரம் ஒன்றும் இறங்க வேண்டாம். நீ கேட்டதற்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். உன்னை நான் அசிங்கப்படுத்தியதும் நாலு பேர் படிக்கிற இடத்தில்தானே?

முதலில் வீட்டுச் சமாச்சாரம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. மூக்கண்டபள்ளி வீட்டைக் காலி செய்யவில்லை. வீட்டுக்கார ரெட்டி அடிபட்ட உன் வண்டியை இன்னமும் மாடிப்படிக்குக் கீழேயே விட்டுவைத்திருக்கிறார், எடுங்கள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கம்பெனியில் எனக்கு ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் கொடுத்துவிட்டார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டு, அடுத்தவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடிக்கிற வேலை. எனக்குப் பொருத்தமான வேலை என்று நீ சிரித்திருப்பாய்.

உன் கடைசிக் காரியம் சொந்த ஊர் மத்தூரில்தான் நடந்தது. அப்பா வந்தார், சின்னவளையும் கூட்டிக்கொண்டு. அம்மா இருக்கும்போதே அந்தப் பொம்பளையைக் கட்டிக்கொண்டு வந்து, பதினெட்டு வருஷமாக உனக்கு ஒரு சட்டை எடுத்துத் தராத மனுஷன், கொள்ளி வைக்க மட்டும் முன்னால் வந்து நின்றார். வாயைத் திறக்க எனக்கு என்ன யோக்கியதை என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தோன்றியது.

சாவுக்கு வந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. "அமெரிக்காக்காரன் சாமியக் கும்புட்டாங்க, அது காப்பாத்துச்சா?" என்று பெரியப்பா மகன் கேட்டான். வேறு கிறிஸ்தவ சபைக்குப் போகிற எதிர்வீட்டு எஸ்தர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கொமரு கடைசியில கள்ள உபதேசத்த விட்டு வெளிய வந்துட்டாப்ல, அதுவே பெரிய கிருபை" என்றார். உன் சாவிலும் அவருக்கு ஒரு ஜெயம் தேவைப்பட்டது. சூளகிரி பாலத்துக்கிட்டே கோடை மழையில் வண்டி வழுக்கி விழுந்து லாரிக்கடியில் போனவனை வைத்து யார் கட்சி ஜெயித்தது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் நானும் ஒரு கட்சி என்பதுதான் கசப்பு.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. நாம் மார்மன்கள், அமெரிக்காவில் பிறந்த ஒரு கிறிஸ்தவ சபை. அந்தப் பெயரில் கூப்பிடக் கூடாது என்று இப்போது சபையில் சொல்கிறார்கள், ஆனால் ஊர் அப்படித்தான் கூப்பிடுகிறது. ஓசூரில் ஹார்டுவேர் கடைக்கு மேலே வாடகை ஹாலில், நாற்பது பேர் கூடுகிற சின்னக் கிளை. டீ, காப்பி குடிக்காத கூட்டம் என்றால் சிப்காட்டில் எல்லோருக்கும் அடையாளம் தெரியும். பத்து மணி பிரேக்கில் எல்லோரும் டீ கிளாஸைத் தூக்க, நான் வெந்நீர் குடிப்பதைப் பார்த்து, "அக்கா, உங்க சாமிக்கு டீ மேல என்ன கோவம்?" என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்!

நாம் எப்படிச் சேர்ந்தோம் என்பது உனக்கு மறந்திருக்காது. வெள்ளைச் சட்டையும் டையும் பெயர் பேட்ஜுமாக இரண்டு எல்டர்கள், சபையின் இளம் ஊழியக்காரர்கள், வந்தார்கள். ஒருவர் ஆந்திராக்காரர், ரெட்டியோடு தெலுங்கில் பேசியே படியேறிவிட்டார். குடும்பம் செத்த பிறகும் பிரியாது, புருஷன் பெண்டாட்டி பிள்ளைகள் என்றென்றைக்கும் ஒன்றாக இருக்கலாம் என்று பேப்பரில் படம் போட்டுக் காட்டினார்கள். அம்மா முழுசும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"உங்க சபையில ஒருத்தனுக்கு எத்தன பொண்டாட்டி?"

"ஒருத்திதாம்மா."

"அப்ப சரி" என்றாள் அம்மா. அவளுக்கு வேறு எந்த வேதமும் வேண்டியிருக்கவில்லை. அடுத்த மாதம் மூன்று பேரும் தண்ணீரில் முழுகி எழுந்தோம்.

அதன் பிறகு நான் என்ன ஆனேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். கிளைக்கு வாய் நான்தான் என்று ஆகிவிட்டது. யார் எதிர்த்துக் கேட்டாலும், "அமுதா சிஸ்டர்கிட்ட அனுப்புங்க" என்பார்கள். பைபிளுக்கு மேலே இன்னொரு புத்தகம் எதற்கு என்று கேட்டால் பதில் வைத்திருந்தேன். செத்தவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறீர்களாமே என்று எஸ்தர் அக்கா முகத்தைச் சுளித்தால் அதற்கும் வைத்திருந்தேன். எனக்குத் தெரியாத கேள்வி வந்தால் அதற்கும் ஒரு பதில் இருந்தது. "அதெல்லாம் எதிரிங்க கட்டிவிட்டது." இந்தப் பதிலுக்கு ஒன்றையும் படிக்க வேண்டியதில்லை.

நீ என்னைப் போல இல்லை. ஐ.டி.ஐ. முடித்து சி.என்.சி. மெஷினில் நின்றவன், மெஷின் சத்தம் மாறினால் உடனே நிறுத்திப் பார்ப்பாய். இங்கேயும் அப்படித்தான் ஒரு நாள் நிறுத்தினாய். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தோம். நீ தட்டைத் தொடாமல் என்னைப் பார்த்தாய்.

"அக்கா, மூணு விஷயம் கேக்கறன். கோவப்படாத."

ஒன்று, சபையை ஆரம்பித்த முதல் தீர்க்கதரிசி தங்கத் தகடுகளைப் பார்த்து அந்த இன்னொரு புத்தகத்தை மொழிபெயர்த்தார் என்று நமக்குப் படம் போட்டுக் காட்டினார்களே, அவர் ஒரு கல்லைத் தொப்பிக்குள் போட்டு, அதில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினார் என்கிறார்களே, நிஜமா? இரண்டு, கறுப்பு இனத்தவர்களுக்கு நூறு வருஷத்துக்கு மேல் சபையில் சடங்கு நடத்துகிற ஆசாரியத்துவம் கொடுக்காமல் வைத்திருந்தார்களாமே? "நம்ம கலருக்கு அன்னிக்கு என்ன சொல்லியிருப்பாங்கக்கா?" என்றும் கேட்டாய்.

மூன்றாவதைக் கேட்கும்போது அம்மா சமையற்கட்டில் இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தாய். குரலைத் தாழ்த்தினாய். "அந்த மொத தீர்க்கதரிசிக்கு நெறய கல்யாணமாமே. மொதல் சம்சாரத்துக்குத் தெரியாமயே சிலது நடந்துச்சாமே?"

கொமரு, எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மற்ற இரண்டையும் நான் சரியாகக் கேட்கக்கூட இல்லை. அம்மா மத்தூரில் ஓலைக்கூடையில் நம் துணியை அள்ளிப்போட்டுக்கொண்டு பஸ் ஏறிய நாளில் உனக்கு ஒன்பது வயது. எனக்குப் பதினேழு. எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. அந்த வீட்டிலிருந்து தப்பித்து நாம் வந்து சேர்ந்த இடத்தைப் பற்றி, அதே அழுக்கை நீ சொன்னாய். நான் தாங்க மாட்டாமல் கத்தினேன்.

"பொய்! மூணும் பொய்! எவனோ போன்ல உளறுறத கேட்டுக்கிட்டு வந்து எங்கிட்ட பேசறியா?"

"பொய்யின்னா சரிக்கா. நிஜமா இருந்தா நிஜம்னு சொல்லு, தப்பு நடந்துச்சுன்னு சொல்லு. அது போதும், நான் இங்கயே இருந்துருவன். எனக்கு அங்க உக்காந்து பாடறது புடிக்குது."

இதை நீ சொன்னாய். நான் கேட்டேன். இவ்வளவுதான் நீ கேட்ட விலை. இதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே கிளையின் வாட்ஸாப் குரூப்பில் நான் எழுதினேன். அதை இன்றைக்கும் வைத்திருக்கிறேன். "சகோதர சகோதரிகளே, என் தம்பி குமரேசன் எதிரிகளின் கட்டுக்கதைகளைப் படித்து மனம் கெட்டிருக்கிறான். அவன் உங்களுக்கு ஏதாவது அனுப்பினால் திறக்காமல் அழித்துவிடுங்கள். அவனுக்காக ஜெபியுங்கள்." நீயும் அந்த குரூப்பில் இருந்தாய். நாற்பது பேரும் கை கூப்பும் படம் போட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். உன்னோடு பேசினால் விசுவாசம் போய்விடும் என்று நான்தான் பயமுறுத்தியிருந்தேனே? மூன்று மாதம் அப்படியே வந்து உட்கார்ந்தாய். பிறகு பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டாய். "என் மனசாட்சிப்படி நானே கேட்டுக்கொள்கிறேன், என்னை யாரும் தூண்டவில்லை" என்று அதில் எழுதியிருந்தாய். எஸ்தர் அக்கா உன்னைத் தங்கள் சபைக்குக் கூப்பிட்டபோது, "வேணாங்கக்கா, ஒன்னு போதும்" என்று சொல்லிவிட்டாயாம். அதை அவர் இப்போது யாரிடமும் சொல்வதில்லை.

ஆனாலும் ஞாயிறுதோறும் என்னையும் அம்மாவையும் நீதான் கொண்டுபோய் விட்டாய். அம்மாவை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, என்னை வண்டியில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வருவாய். ஹார்டுவேர் கடை வாசலில் இறக்கிவிட்டு, "எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்பாய். உள்ளே வா என்று நானும் கூப்பிடவில்லை.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

போன வருஷம் ஆடி மாதம் எஸ்தர் அக்கா ஒரு வீடியோ காட்டினார். ஒரு ஆள் நம் சபையைப் பற்றிப் பேசுகிறார், நடுநடுவே கோமாளி சங்கீதம் வேறு. நம் சபைக் கோயிலில் சடங்குக்கு உடுத்தும் துணியைக் கேலி செய்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, இந்த ஆளுக்கு வரிக்கு வரி பதில் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். எதிரிகளின் எழுத்தைத் தொடக் கூடாது என்பதால் சபையின் சொந்த வலைத்தளத்துக்கே போனேன். எனக்குக் கிடைத்தது இங்கிலீஷில் இருந்தது. கேண்டீனில் சாப்பாட்டு நேரத்தில், தெரியாத வார்த்தைக்கெல்லாம் போனில் அர்த்தம் பார்த்துப் பார்த்து நாலு நாள் படித்தேன்.

மூன்றும் அதில் இருந்தது, கொமரு. எந்த எதிரியும் எழுதியதில்லை. சபையே எழுதிப் போட்டிருந்தது. கல், தொப்பி. கறுப்பினத்தவர்களுக்குப் போட்ட தடை, அதற்கு அந்தக் காலத்தில் சொன்ன காரணங்களை இப்போது ஏற்பதில்லை என்கிற வாசகம். நிறையக் கல்யாணங்கள். அவற்றில் எல்லாமே முதல் மனைவிக்குத் தெரிந்திருக்காது என்கிற வரி. அந்த வரியை மூன்று தடவை படித்தேன், இங்கிலீஷ் எனக்குப் புரியவில்லையோ என்று. நன்றாகவே புரிந்தது.

கம்பெனியில் ஒரு பீஸைக் கேஜ் போட்டுப் பார்க்காமல் பாஸ் செய்தால் என் பெயரில் எழுதிவிடுவார்கள். பத்து வருஷமாக நான் எதையுமே அளந்து பார்க்காமல் ஓ.கே. முத்திரை குத்தியிருக்கிறேன். அளந்து பார்த்தவனுக்கு ரிஜக்ட் சீட்டு ஒட்டி அனுப்பியிருக்கிறேன்.

அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ வீட்டில்தான் இருந்தாய். அடுத்த அறையில் சட்டைக்குப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தாய். பத்து அடி தூரம். நான் சொல்லவில்லை. ஆடியில் தெரிந்தது, நீ போனது பங்குனியில். அந்த எட்டு மாதமும் ஞாயிறுதோறும் உன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தேன். "இன்னிக்கு என்ன பாடம்கா?" என்று கேட்பாய். "விசுவாசம்" என்பேன்.

மாசி கடைசியில் பாகலூர் ரோடு பேக்கரியில் வண்டியை நிறுத்தினாய். உனக்கு டீ, எனக்குப் பாதாம் பால். நீ கிளாஸை உருட்டிக்கொண்டே கேட்டாய்.

"அக்கா, நான் அன்னிக்குக் கேட்டத எப்பவாச்சும் படிச்சுப் பாத்தியா?"

"எனக்கு எங்கடா நேரம்?" என்றேன்.

நீ என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "செரி, வுடு" என்றாய். உனக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா? நான் படித்துவிட்டேன் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. என் பொய் உனக்கு எட்டு வயதிலிருந்தே பிடிபடும். தெரிந்துகொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "ஏறு" என்றாய்.

ஏன் சொல்லவில்லை என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். விசுவாசம் போய்விடும் என்ற பயமா? அப்படிச் சொன்னால் கௌரவமாக இருக்கும். நிஜம் வேறு. நாற்பது பேர் முன்னால் உன்னைப் பொய்யன் என்று சொன்ன வாயால், அதே நாற்பது பேர் முன்னால் "என் தம்பி சொன்னதுதான் சரி" என்று சொல்ல வேண்டுமே, அந்த வெட்கம். எட்டு வயது மூத்தவள் என்கிற திமிர். அதற்காக நான் மதத்தைக் கவசமாகப் பிடித்துக்கொண்டேன்.

இதைப் படித்துவிட்டு வீடியோக்காரர்கள் கை தட்ட வேண்டாம். நான் சபையை விட்டுப் போகவில்லை. அமெரிக்காவில் நம் சபையின் முன்னோர்களை ஊர் ஊராக அடித்து விரட்டியதும், வீட்டைக் கொளுத்தியதும், அவர்கள் வழியில் பிள்ளைகளைப் பனியில் புதைத்துவிட்டு நடந்ததும் நிஜம். கோமாளி சங்கீதம் போடுகிறவர் அதை ஏன் சொல்வதில்லை? அம்மா அழுவதை நிறுத்தியது அந்த ஹாலில்தான், அதுவும் நிஜம். தப்பும் நடந்தது, நல்லதும் நடந்தது என்று சொல்ல இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். நீ கேட்டதும் அந்த இரண்டு நிமிஷத்தைத்தான்.

உனக்குப் பதினாறாம் நாள் முடிந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவே இல்லை.

"மொதல் சம்சாரத்துக்குத் தெரியாதா?" என்றாள்.

"சிலது தெரியாதாம்மா."

"தெரிஞ்சப்புறம் அந்தம்மா என்ன சொல்லுச்சாம்?"

"ஒரு தரம் ஒத்துக்கிட்டாங்களாம், அப்புறம் மாட்டேன்னாங்களாம். அவங்க சொன்னதா அதிகம் எழுதியில்லம்மா."

"இருக்காது" என்றாள் அம்மா. அடுத்த கீரைக்கட்டை எடுத்துக்கொண்டே, "மேல போனாலும் அவ வருவாளாடி?" என்று கேட்டாள். அப்பாவின் சின்னவளைக் கேட்கிறாள் என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. எத்தனையோ பேருக்குப் பதில் சொன்ன எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அம்மாவுக்கே ஆச்சரியம்.

"நான் அந்தாளுக்காக அங்க போகலடி. அங்க உக்காந்தா எனக்கு மனசு ஆறுது, அத எவனும் கேள்வி கேக்க முடியாது. ஆனா புள்ள கேட்டான் பாரு, அவனுக்கு நீ பதில் சொல்லியிருக்கணும்." கீரைத் தண்டை முறத்தில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அதன் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

போன மாதம் கிளைத் தலைவர் ஞானராஜ் பிரதர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷன், உனக்கும் பிடிக்கும். உன் சாவுக்கு மத்தூர் வரைக்கும் வந்து மரத்தடியில் தனியாக நின்றவர். தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தார்.

"சிஸ்டர், தம்பி பேர்ல நம்ம சபைக் கோயில்ல ஞானஸ்நானம் பண்ணலாம். அவரு பேர எடுக்கச் சொல்லிட்டுப் போனதால மேல எழுதி அனுமதி வாங்கணும், அத நான் பாத்துக்கறன். அம்மாவோ நீங்களோ சம்மதம் சொன்னாப் போதும்."

வெளியாட்களுக்கு இது விநோதமாக இருக்கும். உயிரோடு இருக்கிற ஒருவர், செத்துப்போனவரின் பெயரைச் சொல்லி அவருக்குப் பதிலாகத் தண்ணீரில் முழுகுவார். குடும்பம் என்றென்றைக்கும் பிரியாமல் இருக்க இதுதான் வாசல் என்பது நம் நம்பிக்கை. செத்தவர்களை மதம் மாற்றுகிறீர்களா என்று எஸ்தர் அக்கா கேட்டபோதெல்லாம் நான் என்ன சொல்வேன்? "யாரையும் வற்புறுத்தலைங்க. கதவத் தெறந்து வெக்கறோம். அவங்க மேல இருந்து ஏத்துக்கலாம், வேணாம்னும் சொல்லலாம்." கச்சிதமான பதில். அதை நான் இன்றைக்கும் நம்புகிறேன். கேட்க வாய்ப்பே இல்லாமல் செத்துப்போனவர்களுக்கு அது சரி.

உனக்கு எப்படிச் சரியாகும்? நீ கேட்டாய். பத்து வருஷம் உட்கார்ந்து கேட்டாய். பிறகு உன் கையால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாய். உயிரோடு இருந்தபோது உன்னை நான் பேச விடவில்லை. செத்த பிறகு உன் பெயரில் நானே சரி என்று சொல்லிக்கொள்வதா? மறுபடியும் உனக்காக நானே பதில் சொல்வதா?

அம்மாவிடம் கேட்டேன். "நீதான அவன வெளிய அனுப்புன? நீயே முடிவு பண்ணு" என்றாள். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பொய் சொல்ல மாட்டேன், எனக்கு ஆசையாக இருந்தது. ரொம்ப ஆசையாக இருந்தது. மூன்று வாரம் அதே நினைப்புதான். நான் சரி என்றால் உன்னை மறுபடி பார்க்கலாம், பிரியாமல் இருக்கலாம். இல்லை என்றால், நான் நம்புகிறபடியே பார்த்தால், நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இதெல்லாம் கதை என்று நினைக்கிறவர்களுக்கு இது ஒரு முடிவே இல்லை, ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். எனக்கு நிஜமாகவே நம்பிக்கை இருக்கிறது, கொமரு. அதனால்தான் அத்தனை நாள் ஆனது.

நேற்று மாதத்தின் முதல் ஞாயிறு. உபவாசம் இருந்து, யார் வேண்டுமானாலும் முன்னால் போய்ச் சாட்சி சொல்கிற நாள். நான் போனேன். இந்தமுறை போனில் அந்த குரூப்பைத் திறந்துவைத்துக்கொண்டு போனேன். உன்னைப் பற்றி நான் எழுதியதை வரி விடாமல் வாசித்தேன். "என் தம்பி கேட்ட மூணும் நிஜம். நம்ம சபையே எழுதி வெச்சிருக்கு, யாரு வேணா படிக்கலாம். பொய் சொன்னது நான். அவன் பக்கத்துல உக்கார உங்களப் பயப்பட வெச்சதும் நான்" என்றேன்.

ஒரு சிஸ்டர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். பின்வரிசையில் ஒருவர் உடனே போனை எடுத்துத் தேட ஆரம்பித்தார். கூட்டம் முடிந்ததும் ஞானராஜ் பிரதர் என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது. "எனக்கு ரெண்டு வருஷமா தெரியும் சிஸ்டர். உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார். பார், அவருக்கும் தெரிந்திருக்கிறது. உனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூன்று பேரும் ஒரே படியில் ஞாயிறுதோறும் வணக்கம் சொல்லிக்கொண்டோம். இதற்கு நான் யாரைப் போய்த் திட்ட?

"தம்பி பேர எழுதிக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாம் பிரதர்" என்றேன். "அவன் பதில் சொல்லிட்டான்."

அம்மா பக்கத்தில் நின்றாள். அவள் தடுப்பாள் என்று நினைத்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படி இறங்கிப் போனாள். ஆட்டோவில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள், வீடு வரைக்கும் விடவில்லை. மன்னித்தாளா, விழாமல் இருக்கப் பிடித்தாளா என்று தெரியவில்லை.

ஒரு வாக்கு கொடுக்கிறேன். உன் பெயரை ஞானஸ்நானத்துக்கு நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன். எனக்குப் பிறகும் யாரும் கொடுத்துவிடாதபடி எழுதி ஞானராஜ் பிரதரிடம் கொடுத்துவிட்டேன். இனி யாராவது புதிதாக வந்து அந்த மூன்றையும் கேட்டால், படித்ததைப் படித்தபடி சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்பேன். அவர்கள் எழுந்து போனால் வாசல் வரைக்கும் கூடப் போவேன், உனக்குச் செய்யாததை அவர்களுக்காவது செய்கிறேன்.

அங்கே யாராவது உன்னிடம் வந்து, ஏற்றுக்கொள்கிறாயா என்று கேட்பார்கள் என்று நான் நம்புகிறேன். கேட்டால், நீ நினைப்பதைச் சொல். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே சொல். அதற்கு அர்த்தம் நான் உன்னை இனி ஒருபோதும் பார்க்க மாட்டேன் என்பதுதான் என்றாலும், சொல்.

உன் வாயை அடைத்த
உன் அக்கா,
அமுதா